பூஜ்ய நம்பிக்கை

வலது கட்டைவிரலில் தொடங்கிய வலி மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, தோள்பட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாயைப் பிடிக்கிறவர்களுக்கு வருகிற வலி அது. கட்டைவிரலால் அழுத்தி, குடுவையிலிருந்து உறிஞ்சி, இன்னொரு குடுவையில் விட வேண்டும். பிறகு மறுபடியும் அழுத்த வேண்டும். கல் உடைக்கிறவனுக்கு முதுகு போகிறது, தறி ஓட்டுகிறவனுக்குக் காது போகிறது, இவளுக்குக் கட்டைவிரல் போய்க்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் வேலை என்றால் வெள்ளைக் கோட்டும் குளிர்ந்த அறையும் என்று அவள் தெருவில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் போய்த் திருத்தவில்லை. மரியாதை சும்மா கிடைக்கும்போது யார் வேண்டாம் என்பார்கள்.

அவளுக்கு வேலை, ஓர் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தின் செல் அறையில். தட்டையான குடுவைகளில் செல்களை வளர்ப்பார்கள். உடம்புச் சூட்டில் வைத்த பெட்டிக்குள் அவை குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு, மேலே நிற்கும் சிவப்பு நீரைக் குடித்து உயிர் வாழும். நீர் மஞ்சளடித்தால் தீர்ந்துபோயிற்று என்று அர்த்தம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். தவறினால் செல்கள் பிடியை விட்டு மிதக்கத் தொடங்கும். மிதந்தால் போனதுதான். செல்லுக்குச் சோறு போடுகிறவள் என்பதால் எல்லோரும் அவளைச் செல்லம்மா என்றார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது, அதுவும் எழுத்துப் பிழையோடு.

அந்தச் சிவப்பு நீரைத் தயாரிக்கிறவர் பக்கத்து அறையில் இருந்தார். உப்பு, சர்க்கரை, இன்னும் பெயர் தெரியாத பொடிகளை நிறுத்துக் கலக்கி, வடிகட்டி, புட்டியில் அடைப்பார். அவரைச் சமையல்காரர் என்றும் அவர் அறையைச் சமையலறை என்றும் அழைத்தார்கள். வீட்டில் வெந்நீர்கூடப் போடத் தெரியாது என்று அவர் மனைவி சொல்வாராம்.

செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அதனால் ஞாயிறுகளில் யாராவது ஒருவர் வந்தாக வேண்டும். வருகிறவர் இரண்டு அறை வேலையையும் பார்ப்பார். ஒருவருக்கு முடியாமல் போனால் இன்னொருவர் வருவார். அது கடன். வாங்கியவர் தன் ஞாயிறு ஒன்றைப் பின்னால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடனுக்கு வட்டி கிடையாது, எழுத்து கிடையாது, மறதியும் கிடையாது. கதவுகளுக்கு மின்னட்டை வருவதற்கு முன்பிருந்தே இந்த ஏற்பாடு நடந்துவந்தது. மின்னட்டை வந்தபோது சமையல்காரரின் அட்டை சமையலறைக் கதவை மட்டும் திறந்தது, அவளுடைய அட்டை செல் அறைக் கதவை மட்டும் திறந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு மாறும்போது அட்டையும் கை மாறியது.

அவள் கணவன் சுமை வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டது ஒரு சனிக்கிழமை. அட்டையைச் சமையல்காரர் கையில் திணித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடினாள். மறுநாள் அவர் செல் அறைக் கதவில் நின்றபோது, கதவு கேட்கிற ரகசிய எண் அவள் கைபேசிக்கு வந்தது. ஆஸ்பத்திரி நடையில் நின்றபடி அதைப் படித்துச் சொன்னாள். செல்கள் பிழைத்தன. ஆய்வகத் தலைவியான டாக்டரம்மா விஷயம் தெரிந்து சமையல்காரரைக் கூப்பிட்டு, "நல்ல வேளை, அந்தக் குடுவைங்க போயிருந்தா என் வேலையெல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்று சொல்லித் தன் மேசையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தையும் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவள் சமையல்காரருக்கு ஒரு ஞாயிறு கடன்.

"எப்ப வேணும்ணே?" என்று கேட்டாள்.

"அவசரமில்ல. ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் வரைக்கும் தூங்கணும்னு ரொம்ப நாளா ஆசை. உடம்பு எப்பக் கெஞ்சுதோ அப்பக் கேக்கறேன்."

*

எங்கேயோ ஒரு நிறுவனத்தின் கணினிகளை யாரோ தூரத்திலிருந்து பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்றார்களாம். செய்தி மேலிடத்துக்குப் போயிற்று. மேலிடம் உடனே சைபர் பாதுகாப்புப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கி, அதற்கு ஓர் அதிகாரியையும் ஒரு மாடியையும் கொடுத்தது. மாடிக்குப் போகிற படிக்கட்டை முதலில் பூட்டினார்கள். அதனால் அதிகாரிக்குப் பூட்டு சார் என்று பெயர் வந்தது.

பூட்டு சார் முதல் கூட்டத்துக்கு வெள்ளைக் கோட்டு அணிந்து வந்தார். ஆய்வகத்தில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. கேட்பவர்களின் மொழியில் பேச வேண்டும் என்று அவர் படித்திருந்தார்.

"நண்பர்களே," என்றார். "நீங்கள் கிருமிகளோடு போராடுகிறவர்கள். தினமும் கை கழுவுகிறீர்கள். ஆனால் கடவுச்சொல்லைக் கழுவுகிறீர்களா? திருடன் வெளியிலிருந்து வருவான் என்று எண்ணுகிறீர்கள். இல்லை. ஓட்டை எங்கே இருக்கிறது? கணினியில் இல்லை. நீங்கள்தான் ஓட்டை. நான் உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களை மதிப்பதால்தான் ஓட்டை என்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாதவர்களின் பெயரை யாராவது குறிப்பார்களோ என்ற சந்தேகம் அப்போதே வந்துவிட்டிருந்தது.

படம் காட்டக் கணினியைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. இரண்டாவது முறையும் திறக்கவில்லை. உதவியாளர் மேடையேறி அவருடைய கடவுச்சொல்லை அடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். பூட்டு சார் நன்றி சொல்லிவிட்டு, கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லக் கூடாது என்ற முதல் படத்தைக் காட்டினார்.

கடைசிப் படத்தில் ஒரு பூட்டும், அதன் இருபுறமும் இரண்டு உள்ளங்கைகளும் இருந்தன. கீழே பெரிய எழுத்தில் பூஜ்ய நம்பிக்கை என்று போட்டிருந்தது. வெளிநாட்டில் நடைமுறையில் உள்ள கொள்கை, மொழிபெயர்க்கத் தனி நிறுவனத்தை அமர்த்தினோம் என்றார் பூட்டு சார். "இன்று முதல் இந்த நிறுவனம் பூஜ்ய நம்பிக்கையின் மேல் நிற்கும்" என்று முடித்தார். மறுநாள் அதே படம் நுழைவாயிலிலும் உடை மாற்றும் அறையிலும் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டப்பட்டது.

செல்லம்மாவுக்கு அது பிடித்திருந்தது. "பூஜ்யம்னா என்னண்ணே?" என்று சமையல்காரரைக் கேட்டாள்.

"பழைய கடுதாசியில எழுதுவாங்கல்ல, பூஜ்ய ஐயா அவர்களுக்குன்னு. கும்பிடத் தகுந்ததுன்னு அர்த்தம். நம்பிக்கையக் கும்பிடணும்ங்கறாங்க."

"படத்துலயும் கையக் கூப்பின மாதிரிதான் இருக்கு."

"பாரேன், மேல இருக்கறவனுக்கும் எப்பவாவது புத்தி வருது."

*

பிறகு விதிகள் வந்தன. கடவுச்சொல்லை வாரந்தோறும் மாற்ற வேண்டும். எழுதி வைக்கக் கூடாது. சத்தமாகச் சொல்லக் கூடாது. மனதிலும் அதிக நேரம் வைத்திருக்கக் கூடாது, தூக்கத்தில் உளற வாய்ப்புண்டு என்று அடிக்குறிப்பு இருந்தது. திருமணமானவர்கள், தாங்கள் தூங்கும்போது எதுவும் உளறுவதில்லை என்று துணைவரிடம் ஒப்பம் வாங்கி வர வேண்டும். காலில் கம்பி வைத்துப் படுத்திருந்த கணவன் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீ தூக்கத்துல உளறுவியே."

"என்னன்னு?"

"கையி வலிக்குது, கையி வலிக்குதுன்னு."

"அது கடவுச்சொல் இல்ல. கையெழுத்தப் போடு."

செல் அறைக் கணினியின் திரை இரண்டு குடுவை வேலை முடிவதற்குள் தானாகப் பூட்டிக்கொண்டது. திறக்க வேண்டுமானால் கையுறையைக் கழற்றி, எண்ணைத் தட்டி, கையைத் துடைத்து, புதிய கையுறை மாட்ட வேண்டும். கையுறைப் பெட்டிகள் காலியாயின. கையுறையை வீணாக்குகிறவர்கள் மேல் நடவடிக்கை என்று கொள்முதல் பிரிவு சுற்றறிக்கை விட்டது. திரை பூட்டாமல் இருக்க எலியின் மேல் தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்து வைத்த ஒருவர், எலிக்குத் துன்பம் இழைத்ததாகப் பிடிபட்டார். அது கணினி எலி என்று விசாரணையில் தெரிந்த பிறகும் எச்சரிக்கையைத் திரும்பப் பெறவில்லை.

பொய் மின்னஞ்சல் அனுப்பிச் சோதிக்கிற வேலையும் நடந்தது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு அலுவலக மின்னஞ்சல் கிடையாது. விழிப்புணர்வில் பாகுபாடு கூடாது என்று, அவர்களுக்கு மட்டும் அந்த மின்னஞ்சலைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, இங்கே அழுத்தவும் என்று இருந்தது. செல்லம்மா வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படிக்கிறவள். விரல் 'இங்கே அழுத்தவும்' என்ற இடத்துக்கு வந்ததும், எதிரில் நின்ற உதவியாளர் தாளைப் பிடுங்கிக்கொண்டு அவள் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி வைத்தார்.

"நான் படிச்சேன் சார்."

"எல்லாரும் அதைத்தான்மா சொல்றாங்க."

இரண்டாவது சிவப்புப் புள்ளி கதவில் விழுந்தது. இரண்டு கையிலும் பெரிய அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஓர் ஆள் அவளுக்குப் பின்னால் வந்தார். முகம் வேர்த்திருந்தது. அவள் அட்டையைக் காட்டித் திறந்து, கதவைக் காலால் தாங்கிப் பிடித்து, "வாங்க, வாங்க" என்றாள். ஆள் உள்ளே வந்து பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் அடையாளத்தைக் காட்டினார். சைபர் பாதுகாப்புப் பிரிவு. பெட்டி காலி. வேர்வை மட்டும் நிஜம், படியேறி வந்தது.

அவள், அப்பா மூட்டை தூக்கிப் பிழைத்த வீட்டிலிருந்து வந்தவள். சுமையோடு வருகிறவனுக்கு வழி விடாதவனை அந்த வீட்டில் மனுஷனாகச் சேர்த்ததில்லை. இதை அவள் விசாரணையில் சொன்னாள். இதற்குத்தான் பயிற்சி என்று பதில் வந்தது. மறுநாள் முழுத் தளமும் வரிசையாக நின்று, சுமையோடு வருகிறவரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தப் பழகியது. முதலில் சாத்தும்போது எல்லோரும் "மன்னிச்சுக்கங்க" என்றார்கள். மன்னிப்புக் கேட்பது தயக்கத்தின் அறிகுறி என்று அதையும் நிறுத்தினார்கள். மாலைக்குள் நன்றாகச் சாத்தக் கற்றுக்கொண்டார்கள். ஒரு முறை காலிப் பெட்டிக்காரர் நிஜமாகவே குளிர்பதனக் கலனைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவருக்கும் சாத்தினார்கள். அவர் வெளியிலேயே நின்று மிகவும் மகிழ்ச்சி அடைந்தார்.

"நம்பிக்கையக் கும்பிடணும்னு ஒட்டிட்டு இது என்னண்ணே?" என்று செல்லம்மா கேட்டாள்.

"அது மனசுக்கு. இது கதவுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

மூன்றாவது சிவப்புப் புள்ளி விழுந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. புள்ளிகளை அழிக்க ஒரே வழி வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால் இன்னொன்றும் உண்டு. இந்த ஆண்டு ஒப்பந்தப் பணியாளர்களில் ஒருவரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. நிரந்தரமானால் மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கும் சேரும். கணவனின் காலில் வைத்த கம்பியை எடுக்க வேண்டிய காலம் தாண்டிக்கொண்டிருந்தது. அது உள்ளே சீழ் கட்டத் தொடங்கிவிட்டதாக மருத்துவர் சொல்லியிருந்தார். தேர்வுக்கு முந்தைய நாட்களில் அவள் பேருந்தில் சுவரொட்டி வாசகங்களை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

*

தேர்வு அறையில் மூன்று பேர். நடுவில் பூட்டு சார், வலப்புறம் பேனாவோடு மனிதவள அதிகாரியான ஒரு பெண்மணி, ஜன்னலோரம் டாக்டரம்மா. டாக்டரம்மாவைப் பார்த்ததும் செல்லம்மாவுக்குத் தைரியம் வந்தது.

"உக்காருங்கம்மா. இது தேர்வு இல்ல, ஒரு உரையாடல்," என்றார் பூட்டு சார். "உங்க கடவுச்சொல் என்ன?"

"சொல்ல மாட்டேன் சார்."

"சபாஷ். எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"எங்கயும் எழுதலை சார்."

"அப்ப ஞாபகம் வச்சிருக்கீங்க."

அவள் யோசித்தாள். இரண்டு பக்கமும் குழி. "பாதி ஞாபகம் இருக்கு சார்."

மனிதவள அதிகாரி எழுதிக்கொண்டார். பூட்டு சார் திருப்தியோடு சாய்ந்தார். "கடைசிக் கேள்வி. பூஜ்ய நம்பிக்கைன்னா என்ன? உங்க சொந்த வார்த்தையில, ஒரு உதாரணத்தோட சொல்லுங்க."

இதற்குத்தான் அவள் நன்றாகத் தயாராகி வந்திருந்தாள்.

"நம்பிக்கைங்கறது கும்பிட வேண்டிய விஷயம் சார். ஒருத்தர் நம்மள நம்பிட்டா அதக் கீழ போடக் கூடாது. எங்க சமையல்கார அண்ணன் இருக்காரு. என் வீட்டுக்காரர் கால ஒடச்சுக்கிட்டப்ப, ஞாயித்துக்கெழமை என் முறை. அட்டைய அவருகிட்டக் குடுத்துட்டுப் போயிட்டேன். அவரே வந்து என் குடுவை எல்லாத்துக்கும் ஊத்தி, கழுவி வச்சு, அட்டையப் பத்திரமாத் திருப்பிக் குடுத்தாரு. அதான் சார் பூஜ்ய நம்பிக்கை."

பூட்டு சாரின் முகம் மெல்ல மலர்ந்தது. பாராட்டுகிறார் என்று அவள் நினைத்தாள்.

"நல்லா சொல்றீங்க. அவர் அட்டை செல் அறைய தொறக்காதே?"

"தொறக்காது சார். என் அட்டைதான்."

"கதவு ஒரு எண் கேக்குமே?"

"அது என் போனுக்கு வந்துச்சு. ஆஸ்பத்திரிலேருந்து நான்தான் படிச்சு சொன்னேன். ஒரே சத்தம், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

"பாவம். இது அந்த ஒரு தடவைதானா?"

அண்ணனைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவார்களோ என்று அவளுக்குப் பதறியது. "ஐயோ, இல்ல சார். அவரு எல்லாருக்குமே செய்வாரு."

"போதும்மா," என்றார் டாக்டரம்மா, ஜன்னலைப் பார்த்தபடி. அதையும் அவள் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

பூட்டு சார் எழுந்து நின்றார். "இந்தப் பிரிவு தொடங்கினதுலேருந்து மேலிடம் கேட்டுக்கிட்டே இருக்கு, இவ்ளோ செலவு பண்றோம், ஒரு ஆளக்கூடவா பிடிக்கலைன்னு. எத்தன ராத்திரி நான் தூங்கல தெரியுமா. இன்னிக்கு உள்ள இருக்கற ஆபத்த உள்ள இருக்கற ஒருத்தரே எடுத்துச் சொல்லிட்டாங்க. இதுதான் விழிப்புணர்வு."

செல்லம்மா அவரையும் மற்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், நான் அவரப் பத்திப் புகார் எதுவும் சொல்லலை. நல்லதாத்தான் சொன்னேன்."

"தெரியும்மா. அதனாலதான் நம்பகமா இருக்கு."

"பூஜ்யம்னா கும்பிடறதுதானே சார்?"

மனிதவள அதிகாரி முதல்முறையாகத் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "பூஜ்யம்னா சைபர்மா. ஒண்ணும் இல்லாதது. யாரையும் நம்பக் கூடாதுன்னு அர்த்தம்."

அவள் டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். "மேடம், அன்னிக்கு நீங்ககூட அவரக் கூப்பிட்டு..."

டாக்டரம்மா கைபேசியை எடுத்துப் பார்த்தார். அது ஒலிக்கவில்லை. "நடைமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா," என்றார்.

மனிதவள அதிகாரி ஒரு படிவத்தைத் தள்ளினார். பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல நிதானமாக விளக்கினார். இதில் இரண்டு கட்டம் இருக்கிறது. முதல் கட்டம் தகவல் தந்தவர். இரண்டாவது கட்டம் உடந்தை. அட்டையைக் கொடுத்தது நீங்கள், எண்ணைச் சொன்னதும் நீங்கள். தகவல் தந்தவராக இல்லாவிட்டால் நீங்கள் உடந்தை. உடந்தை என்றால் இன்றோடு இருவரும் வெளியே. தகவல் தந்தவர் என்றால் சிவப்புப் புள்ளிகள் நீங்கும், நிரந்தரத்துக்கு உங்கள் பெயர் முதலில் போகும்.

"மூணாவது கட்டம் இல்லையா மேடம்?"

"மூணாவதுல என்ன போடணும்?" என்றார் மனிதவள அதிகாரி.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்தாலும் அதற்குக் கட்டம் இல்லை. கணவனின் காலுக்குள் இருக்கும் கம்பி நினைவுக்கு வந்தது. முதல் கட்டத்தில் கோடு போட்டாள். கட்டைவிரல் வலித்ததால் கையெழுத்து கோணலாக விழுந்தது. கோணலாக இருந்தால் பரவாயில்லை என்றார்கள்.

*

சமையல்காரரின் அட்டையை உடனே செயலிழக்கச் செய்தார்கள். அந்த உற்சாகத்தில் ஒன்றை மறந்துவிட்டார்கள். அவர் அப்போது சமையலறைக்குள் இருந்தார். உள்ளே போக மட்டுமல்ல, வெளியே வரவும் அட்டை வேண்டும்.

செல்லம்மா நடைக்கு வந்தபோது அவர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். கையில் அன்றைக்குக் கலக்கிய சிவப்பு நீர்ப் புட்டிகள் அடுக்கிய கூடை. கனமான கூடை, தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அட்டையை மறுபடி மறுபடி காட்டிப் பார்த்தார். நடையில் போனவர்கள் அவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பார்வையை நேராக வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

வெளியேற்றப்பட்ட மனிதரை வெளியே விடுவதற்கு விதியில் இடம் தேடி பூட்டு சாரின் பிரிவு மாடியில் கூடியது. மற்றவர் அட்டையில் அவரை வெளியே விட்டால் அது கதவைப் பிடித்த குற்றம். அவர் அட்டையை உயிர்ப்பித்தால் ஆபத்தான நபருக்கு அனுமதி கொடுத்ததாகிவிடும். கூட்டம் நீண்டது.

இந்தக் கதவைத் திறக்கவும் இப்போது செல்லம்மாவால் முடியும். தகவல் தந்தவர் என்பதால் அவள் அட்டைக்குச் சமையலறையும் சேர்த்துக் கொடுத்துவிட்டிருந்தார்கள். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கையில் பிடித்தாள். காவலாளி தணிந்த குரலில் சொன்னார்.

"அக்கா, வேணாங்க்கா. மேல கேமரா இருக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சமையல்காரர் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. அவள் கை அட்டையில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வேண்டாம், உனக்குத்தான் வம்பு என்கிற மாதிரி. பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, தன் காலி மணிக்கட்டைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். நேரத்துக்குச் செல்லுக்கு ஊற்று, போ என்று அதற்கு அர்த்தம்.

அவள் அட்டையை விட்டுவிட்டாள்.

சாயங்காலம் தீயணைப்பு ஒத்திகை என்று அறிவித்துக் கட்டடத்தின் எல்லாக் கதவுகளையும் திறந்தார்கள். அந்த வழியில் அவர் வெளியே வந்தார். அதற்குள் அவரிடம் எல்லாம் சொல்லப்பட்டிருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் அவர் பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார். அவள் மறு முனையில் உட்கார்ந்தாள். ஒரு பேருந்து வந்து போனது. இரண்டு பேரும் ஏறவில்லை.

"அண்ணே."

"என்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லுன்னு நான் கேட்டனா?"

"எனக்குத் தெரியலண்ணே."

"எல்லாருக்கும் செய்வாருன்னு வேற சொன்னியாமே. ஒண்ணோட விட்டிருந்தா பிஸ்கட்டு குடுத்த அம்மாவே வாயத் தொறந்திருக்கும்."

"அவங்க தொறக்கலண்ணே."

"தொறக்காது. நான் சும்மா சொன்னேன்." அவர் சாலையைப் பார்த்தார். "பேருலயே சொல்லிட்டாங்க பாரு, சைபர் பாதுகாப்புன்னு. நமக்குத்தான் மண்டையில ஏறல. பூஜ்யம்னா கும்பிடறதுன்னு உனக்குச் சொன்னது நான்தானே. என் வாய்லயும் சனி."

"நான் நாளைக்கு மேல போய் கையெழுத்த வாபஸ் வாங்கறேன்."

"வாங்கி? ரெண்டு பேரும் இந்த பெஞ்சுல உக்காந்து பஸ்ஸ எண்ணலாமா? கால்ல கம்பி இருக்கறவனுக்கு யாரு பதில் சொல்றது?" குரல் உயர்ந்துவிட்டதைக் கவனித்து இறக்கினார். "நீ வாங்கவும் மாட்ட. அதுல தப்பில்ல. ஆனா வாங்கறேன்னு எங்கிட்ட வந்து சொல்லாத. அத மட்டும் சொல்லாத."

அடுத்த பேருந்து வந்தபோது அவர் எழுந்தார்.

"அந்த ஞாயித்துக்கெழமண்ணே?" என்று அவள் கேட்டாள். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

அவர் படியில் கால் வைத்தபடி திரும்பிப் பார்த்தார். "அது அப்படியே இருக்கட்டும். தள்ளுபடி எல்லாம் கெடையாது."

*

விழாவில் அவள் கோட்டில் பூட்டு வடிவத்தில் ஒரு சின்னத்தைக் குத்தினார்கள். ஊசி கொஞ்சம் உள்ளே இறங்கியது. பூட்டு சார் பேசினார். "இவரைப் போல ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி மனம் திறந்து பேச வேண்டும். பேசப் பேசத்தான் எங்களுக்கு வேலை இருக்கும்." நிரந்தர ஆணையை டாக்டரம்மா தன் கையால் கொடுத்தார். அதிலும் பெயர் பிழையாகத்தான் இருந்தது. திருத்தினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். அவள் திருத்தவில்லை.

கணவனின் கம்பியை எடுத்தார்கள். அவன் ஊன்றுகோல் இல்லாமல் கழிப்பறை வரை போய் வந்தான். அன்றிரவு அவள் தூக்கத்தில் ஏதோ உளறியதாகச் சொன்னான். என்னவென்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

உடன் வேலை பார்த்தவர்கள் அவளோடு முன்பு போலவே சிரித்தார்கள். ஆனால் அவள் உள்ளே வந்தால் பேச்சு வானிலைக்கு மாறியது. யாரும் யாரைப் பற்றியும் அவள் முன்னால் நல்லதாக எதுவும் சொல்வதில்லை.

ஞாயிறு மாற்றிக்கொள்வதைத் தடை செய்து சுற்றறிக்கை வந்தது. ஞாயிறுகளில் செல் அறைக்கு வருகிறவரைக் கண்காணிக்கச் சைபர் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர் வர வேண்டும். முதல் ஞாயிறு காலிப் பெட்டிக்காரர் வந்தார். அவள் குடுவைகளை எடுத்து வைப்பதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதெல்லாம் உயிரோட இருக்கா?"

"இருக்கு சார்."

"ஒரு நாள் ஊத்தலைன்னா?"

"சில நாள் தாங்கும். அப்புறம் பிடி விட்டுரும்."

அவர் அதைக் குறித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிட்டது. மத்தியானம் வரை நன்றாகத் தூங்கினார்.

அவள் குளிர்பெட்டியைத் திறந்தாள். சமையல்காரர் அன்று கூடையில் வைத்துவிட்டுப் போன புட்டிகளில் கடைசி வரிசை மிச்சமிருந்தது. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் தேதி. இதற்குப் பிறகு யார் கலக்குவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, அந்த இடத்துக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்களாம். கையுறை மாட்டி, பிப்பெட்டை எடுத்தாள். அழுத்தினாள், உறிஞ்சினாள், விட்டாள். வலி கட்டைவிரலிலிருந்து தோளுக்கு ஏறியது. நடுவில் திரை பூட்டிக்கொண்டது. கையுறையைக் கழற்றினாள்.

வேலை இல்லாதவருக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதான். அவருக்குப் போய் எந்த ஞாயிறைத் திருப்பிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கணக்கு தெரியும். வாங்கியது அவள். இன்னும் கொடுக்கவில்லை. சமையல்காரருக்கு அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கி.